கணினியைப் புதுப்பித்தல்

கருவி பழுதுபட்டால் அதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது ஒரு வழி. பழுது இன்னதென்று அறிந்து சீர்செய்து கொள்வது மற்றொரு வழி. நம் உழவர் இரண்டாம் வழியையே நெடுங்காலமாகப் பின்பற்றி வந்தனர். கொழு தேய்ந்தால் கொழுவை மட்டும் மாற்றினர்; அதற்காக ஏர் முழுவதையும் எறிந்ததில்லை. கணினி பெருகிய இந்நாளிலும் அதுவே நல்வழியாகும். எனினும் ஏருக்கும் கணினிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொழுவை ஊர்க் கொல்லர் ஏரின் அளவு பார்த்து அடித்துத் தருவார். கணினியின் உறுப்புகளோ தொலைவிலுள்ள ஆலைகளில் முன்னரே செய்யப்பட்டு வருகின்றன. அவை நம் கணினிக்குப் பொருந்துமா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வட்டத்தில் கல்லாவி என்னும் ஊர் உள்ளது. மாங்கனிக்கும் கருங்கல்லுக்கும் பெயர்பெற்றது அம்மாவட்டம். அதன் ஒரு கோடியில் ஓசூர்த் தொழிற்பேட்டைகளும், மாநில எல்லைக்கு அப்பால் பெங்களூர் மாநகரும் இருத்தலால், இளைஞர் பலர் வேலை தேடி அத்திசை செல்கின்றனர். கல்லாவியில் ஓர் உழவர் குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். மூத்த மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான். இளையவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்கிறாள். அவர்கள் வீட்டில் 2017-ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணினி ஒன்று உண்டு. அஃது இப்பொழுது திறப்பதற்கே நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது; கோடை நண்பகலில் தானாகவே அணைந்தும் போகிறது. தேர்வோ நெருங்குகிறது.

தங்கையின் படிப்பு தடைப்படலாகாது என்று அண்ணன் எண்ணினான். சில மாதச் சேமிப்பை எடுத்துக்கொண்டு, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற பெங்களூர் எஸ்.பி. சாலைக்குச் சென்றான். செயலியே கணினியின் மூளை என்று கேள்வியுற்றிருந்தமையால், நல்லதொரு புதிய செயலியை வாங்கி வந்தான். வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தபொழுது அவன் முகம் வாடியது. பழைய செயலியின் அடிப்புறம் தட்டையாய் இருந்தது. புதியதன் அடியிலோ ஊசிமுனை போன்ற கம்பிகள் ஆயிரத்துக்கு மேல் நின்றன. எப்படித் திருப்பி வைத்தாலும் அஃது அமரவில்லை. பழையது இன்டெல் நிறுவனத்துச் செயலி, புதியது ஏ.எம்.டி. நிறுவனத்துச் செயலி. உறை பிரித்த பொருளைக் கடைக்காரர் முழு விலைக்குத் திரும்பப் பெறுவாரா?

அவ்விளைஞன் இரண்டு இடங்களில் தவறினான். பழுது எங்கே உள்ளது என்று அவன் ஆராயவில்லை. வாங்கும் உறுப்பு பொருந்துமா என்றும் பார்க்கவில்லை. இவ்விரண்டையும் நாம் முறையே அறிந்து கொள்வோம்.

முதலில் உறுப்புகளைக் காண்போம். கணினியின் கணக்குகளை எல்லாம் செய்வது செயலி. அஃது அமர்ந்திருக்கும் பெரிய பலகை தாய்ப்பலகை. கடைகளில் இதனை மதர்போர்டு என்பர். ரேம் என்னும் நினைவகம் நெற்களம் போன்றது. அப்பொழுது வேண்டியவற்றை மட்டும் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம் அது. மின்சாரம் நின்றால் அதில் உள்ளவை மறைந்துவிடும். ஹார்டு டிஸ்க் என்னும் சேமிப்பகம் நெற்குதிர் போன்றது. மின்சாரம் நின்றாலும் அதில் வைத்தவை அழியா. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட்டு நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி.

தாய்ப்பலகையில் செயலி அமரும் இடத்தைச் சாக்கெட் என்பர். நாம் இருக்கை என்று கூறலாம். இரு நிறுவனங்களின் செயலிகளும் ஒரே வகைக் கணினி மொழியை அறிந்தவை. ஒரே நிரல்களை இயக்குபவை. அவ்வாறாயின் இருக்கை மட்டும் ஏன் வேறுபட வேண்டும்? இதனை அறிய அவற்றின் வரலாற்றைச் சிறிது காண வேண்டும்.

இன்டெல் நிறுவனத்தை 1968-ஆம் ஆண்டில் இராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்கினர். அடுத்த ஆண்டில் ஜெரி சாண்டர்சும் அவர்தம் தோழரும் அதே மாநிலத்தில் ஏ.எம்.டி. நிறுவனத்தை நிறுவினர். இவர்கள் மூவரும் முன்னர்ப் பேர்சைல்டு என்னும் ஒரே நிறுவனத்தில் பணியாற்றியவர்களே. 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் புகழ்பெற்ற தனியாள் கணினியை வெளியிட்டபொழுது, அதற்கு இன்டெலின் 8088 செயலியைத் தேர்ந்தெடுத்தது. ஒருவரை மட்டும் நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பவில்லை, இரண்டாம் நிறுவனமும் அவ்வகைச் செயலியைச் செய்து தருதல் வேண்டும் என்றது. அதனால் 1982-ஆம் ஆண்டில் இன்டெலும் ஏ.எம்.டி.யும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனால் 1985-ஆம் ஆண்டில் 386 என்னும் செயலி பிறந்தபொழுது, அதன் நுட்பத்தைப் பகிர்ந்துகொள்ள இன்டெல் மறுத்தது. வழக்குகள் எழுந்தன. 1991-ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. தானே ஒரு 386 செயலியைச் செய்து விற்றது. 1995-ஆம் ஆண்டில் அவ்வழக்குகள் சமரசத்தில் முடிந்தன.

அக்காலத்திலும் இருக்கை ஒன்றாகவே இருந்தது. சாக்கெட் 7 என்னும் இருக்கையில் இன்டெலின் பென்டியமும் அமர்ந்தது, ஏ.எம்.டி.யின் கே6 செயலியும் அமர்ந்தது. இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் தகும். பென்டியத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், புனே நகரில் பிறந்த வினோத் தாம் என்னும் இந்தியர். பின்னர் அவர் நெக்ஸ்ஜென் என்னும் சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். அதனை 1996-ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. வாங்கியது. கே6 செயலி உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. போட்டியிட்ட இரு பக்கத்திலும் ஒருவரே உழைத்தார் என்பது வியப்புக்குரியதன்றோ?

1997-ஆம் ஆண்டில் இன்டெல் தன் பென்டியம் 2 செயலிக்குப் புதிய இருக்கை ஒன்றை அமைத்தது. அதனைப் பயன்படுத்தும் உரிமை ஏ.எம்.டி.க்கு இல்லை. ஆதலால் 1999-ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. தன் அத்லான் செயலிக்குத் தனி இருக்கை அமைத்தது. அன்று பிரிந்த வழிகள் இன்றுவரை ஒன்றுசேரவில்லை.

போட்டியால் நமக்குத் தீமையே விளைந்தது என்று எண்ணலாகாது. வினாடிக்கு நூறு கோடித் துடிப்பு என்னும் வேகத்தை 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஏ.எம்.டி. முதலில் எட்டியது, இரண்டே நாளில் இன்டெலும் எட்டியது. மேசைக் கணினிகளுள் பெரும்பாலானவற்றுக்கு நான்கு உட்கருக்கள் கொண்ட செயலியே போதும் என்று இன்டெல் பல ஆண்டுகள் இருந்தது. 2017-ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. எட்டு உட்கருக்கள் கொண்ட ரைசன் செயலியை வெளியிட்டதும், அவ்வாண்டிலேயே இன்டெல் ஆறு உட்கருக்கள் கொண்டதை வெளியிட்டது. இருவர் ஓடினால்தான் ஓட்டம் விரைவாகும். அவ்விரைவின் பயன் நமக்குக் கிடைக்கிறது. இருக்கை எது என்று அறியும் சுமையும் நம்மீதே விழுகிறது.

நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்தாலும் போதாது. இன்டெலின் ஏழாம் தலைமுறைச் செயலியும் எட்டாம் தலைமுறைச் செயலியும் 1151 தொடுமுனைகள் உடையன. ஆயினும் முன்னதற்கான தாய்ப்பலகை பின்னதை ஏற்பதில்லை. ஏ.எம்.டி.யோ ஏ.எம்.4 என்னும் இருக்கையை நெடுங்காலம் மாற்றாதிருந்தது. 2017-ஆம் ஆண்டில் வாங்கிய அவ்வகைப் பலகைகள் பலவற்றில், 2020-ஆம் ஆண்டில் வந்த செயலியையும் அமர்த்தலாம். ஆனால் முதலில் பயாஸ் என்னும் அடிப்படை நிரலைப் புதுப்பித்தல் வேண்டும். ரேமிலும் டி.டி.ஆர். 3, 4, 5 எனத் தலைமுறைகள் உண்டு. அவற்றின் விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருத்தலால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாது. ஆகவே கடைக்குச் செல்லுமுன் தாய்ப்பலகையில் அச்சிட்டுள்ள பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்க. அப்பலகையைச் செய்த நிறுவனம், அஃது ஏற்கும் செயலிகளின் பட்டியலை வெளியிட்டிருக்கும். அப்பட்டியலில் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் வாங்கற்க.

இனி, பழுதை ஆராயும் முறையைக் காண்போம். மருத்துவர் நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து கொடுப்பார். கணினிக்கும் அதுவே முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும்; இரண்டை மாற்றினால் எதனால் குணம் கண்டது என்று தெரியாது. இம்முறையின் பெருமைக்கு ஒரு சான்று கூறுவோம். 1994-ஆம் ஆண்டில், அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி பகா எண்களைப் பற்றி ஆராய்ந்தபொழுது, தம் கணினிகளின் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படக் கண்டார். அவர் உடனே செயலியைக் குறைகூறவில்லை. தம் நிரலைச் சோதித்தார்; தாய்ப்பலகை முதலியவற்றைச் சோதித்தார். சில திங்கள் உழைத்து ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே, பென்டியம் செயலியின் வகுத்தல் பகுதியில் பிழை உள்ளது என்று உறுதி செய்தார். அப்பிழையைத் திருத்த இன்டெல் 47.5 கோடி டாலர் செலவு ஒதுக்க நேர்ந்தது. செயலியில் உண்மையாகவே பிழை இருந்தபொழுதும், அவர் அதனை இறுதியாகத்தான் ஐயுற்றார் என்பதைக் கருதுக.

கணினி சிறிதும் உயிர்பெறவில்லை எனில், மின்கம்பியையும் யு.பி.எஸ்.ஸையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் முறையே நோக்குக. விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின், திரைக்குச் செல்லும் கம்பியைச் சரிபார்த்து, ரேமைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்துக. ஒவ்வொரு நாளும் கடிகாரம் பழைய நாளையே காட்டினால், தாய்ப்பலகையிலுள்ள காசு போன்ற 3 வோல்ட்டு மின்கலத்தை மாற்றுக. சற்று நேரம் ஓடிய பின் தானே அணைந்தால், வெப்பத்தை ஐயுறுக. எல்லாம் சரியாயிருந்தும் மெதுவாக இயங்கினால், பழைய ஹார்டு டிஸ்க்கை ஐயுறுக. பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிடுதல் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உட்புறத்தை மட்டும் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கல்லாவி வீட்டில் நிகழ்ந்ததற்குத் திரும்புவோம். “அண்ணா, கணினி ஏன் அணைகிறது என்று முதலில் பார்ப்போமே” என்றாள் தங்கை. இருவரும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை ஆராய்ந்தனர். செயலியின் மேலுள்ள விசிறிக்கு அடியில் தூசி படிந்து கம்பளம் போலிருந்தது. செயலியின் வெப்பத்தை மேலே கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை காய்ந்து உதிர்ந்தது. தூசியைத் தூரிகையால் அகற்றிப் பசையைப் புதிதாகத் தடவினர். கணினி நண்பகலிலும் அணையாது நின்றது. பின்னர்ச் சுழலும் தட்டு உடைய பழைய ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் எஸ்.எஸ்.டி. என்னும் புதிய சேமிப்பகத்தை வைத்தனர். இதில் சுழலும் உறுப்பு இல்லை. ஆதலால் தேடி எடுக்கும் நேரம் மிகக் குறைவு. கணினி ஒரு நிமிடத்துக்குள் திறந்தது. பழைய செயலி குற்றமற்றது என்று அப்பொழுது தெளிந்தனர்.

ஒரு தடை மட்டும் எஞ்சியது. அக்கணினியில் இருந்த விண்டோஸ் 10 முறைமைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைமையின் ஆதரவோ, இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது. வீட்டிலிருந்தது ஏழாம் தலைமுறை. தங்கை அதற்கும் வழி கண்டாள். விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையை நிறுவினாள். அவள் பயிலும் பைத்தான் நிரல்கள் அதில் நன்றாகவே ஓடின.

அண்ணன் வாங்கிய செயலியைப் பின்னர் வேறொருவர் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார். குறைந்த தொகை அவனுடைய பல நாள் உழைப்பு, அது திரும்பவில்லை. அத்தொகையின் ஒரு பகுதியே பசைக்கும் சேமிப்பகத்துக்கும் போதுமானதாயிருந்தது.

மாணவர்களே! அவ்விளைஞன் செயலி வாங்கச் சென்ற பெங்களூரிலேயே இன்டெலுக்கும் வடிவமைப்பு நிலையம் உண்டு, ஏ.எம்.டி.யும் தன் மிகப் பெரிய வடிவமைப்பு நிலையத்தை 2023-ஆம் ஆண்டில் அங்குத் திறந்தது. உலகப் போட்டியின் களம் கல்லாவியிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில்தான் உள்ளது. அப்போட்டியில் நாம் வாங்குவோராக மட்டும் இருத்தல் வேண்டுமா? பழுதைப் பொறுமையுடன் ஆராயும் கை, நாளை புதியதைப் படைக்கவும் வல்லதாகும். ஆகவே முதலில் காரணத்தை அறிக. அடுத்துப் பொருத்தத்தை அறிக. அதன் பின்னரே பணப்பையைத் திறக்க.