செல்போன் வழியாக வேலை: எதைக் கற்கலாம்?

இணையம் வழியாக வேலை வாங்கிச் செய்கிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். இவர்களுக்கு நிரந்தர முதலாளி இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. இன்று ஒருவரிடம் வேலை வாங்குவார்கள். முடித்துக் கொடுத்துக் கூலி பெறுவார்கள். நாளை வேறொருவரிடம் வேலை. இதை 'ஃப்ரீலான்ஸ்' வேலை என்கிறார்கள்.

பெயர்தான் புதிது. தையல்காரர் காலங்காலமாகச் செய்வது இதுதானே? கொத்தனாரும் இப்படித்தான் வேலை செய்கிறார். வேலை கொடுப்பவர் வாசலுக்கு வருவதில்லை, செல்போன் வழியாக வருகிறார். பக்கத்துத் தெருக்காரர் கூலி தராவிட்டால் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். முகம் தெரியாதவரிடம் அப்படிக் கேட்க முடியாது. அதனால் பாதிக் கூலியை முன்பணமாக வாங்குவது நல்லது.

சரி, இந்த வேலைக்கு எதைக் கற்க வேண்டும்?

டைப்பிங் கற்றால் போதுமா?

பலருக்கும் முதலில் தோன்றுவது டைப்பிங்தான். ஒரு காலத்தில் டைப்பிங் தெரிந்தவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. இப்போது நாம் பேசினால் செல்போனே எழுதுகிறது. ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழிக்கும் மாற்றுகிறது. ஆனால் நிறையத் தப்பும் செய்கிறது. அந்தத் தப்பைத் திருத்தத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. வெறும் டைப்பிங் மட்டும் தெரிந்தவருக்கு வேலை குறைந்துவிட்டது. டைப்பிங் தெரிந்தால் நல்லதுதான். அதற்காகக் கடன் வாங்கிப் பணம் கட்டத் தேவையில்லை.

டைப்பிங் பெயரைச் சொல்லி மோசடியும் நடக்கிறது. "வீட்டில் இருந்தபடியே டைப் செய்யுங்கள், கைநிறையப் பணம்" என்று செய்தி வரும். முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்களைக் குறுகிய நாளில் முடிக்கச் சொல்வார்கள். இரவு பகலாக உட்கார்ந்து முடித்தாலும், "நிறையத் தப்பு இருக்கிறது" என்பார்கள். கூலி தரமாட்டார்கள். "ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், வழக்குப் போடுவோம்" என்று மிரட்டி, இன்னும் பணம் பறிப்பார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. வழக்கு என்பது வெறும் மிரட்டல். வேலை கொடுப்பவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும். நம்மிடம் பணம் கேட்பவர் வேலை கொடுப்பவர் அல்ல.

குரலுக்குக் கூலி

ஆங்கிலம் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்கு நம் மொழியைக் கற்றுக்கொடுக்கும் வேலை அது.

கம்ப்யூட்டர் ஒரு மொழியைப் புரிந்துகொள்ள ஆயிரக்கணக்கானவர்களின் பேச்சு வேண்டும். பெண்கள் பேச்சு, முதியவர்கள் பேச்சு, கிராமத்துப் பேச்சு எல்லாம் வேண்டும். செல்போனில் ஒரு வாக்கியம் வரும். அதை உரக்கப் படிக்க வேண்டும். குரல் பதிவாகும். அடுத்த வாக்கியம் வரும். தாய்மொழியை நிதானமாக, தெளிவாகப் படித்தால் போதும்.

பெங்களூருவில் 2021இல் தொடங்கிய 'கார்யா' என்ற அமைப்பு இந்த வேலையைக் கிராம மக்களுக்குக் கொடுத்தது. கன்னடம் பேசும் கிராமத்துப் பெண்கள் பலர் இதைச் செய்தார்கள். மணிக்குச் சுமார் 5 டாலர் கூலி என்று 2023இல் செய்தி வந்தது. நம் பணத்தில் அப்போது 400 ரூபாய்க்கு மேல். நல்ல கூலிதான். ஆனால் இது தினமும் கிடைக்கும் வேலை அல்ல. தேவையான குரல் சேர்ந்ததும் வேலை முடிந்துவிடும். இதைப் பக்கத்து வருமானமாக வைத்துக்கொள்ளலாம். இதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடக் கூடாது.

படத்தில் குறி போடுவது இன்னொரு வேலை. ஒரு சாலைப் படம் வரும். அதில் பசு இருக்கும், ஆட்டோ இருக்கும், சைக்கிளில் போகும் ஆள் இருப்பார். ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் சொல்ல வேண்டும். இப்படி லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான் இயந்திரம் பசுவையும் ஆட்டோவையும் பிரித்து அறிகிறது. கொல்கத்தாவில் மேட்டியாபுரூஸ் என்ற பகுதி இருக்கிறது. தையல் தொழிலுக்குப் பெயர்போன இடம். அங்கே 'ஐமெரிட்' நிறுவனத்தின் மையத்தில் பெண்கள் பலர் இந்த வேலையைக் கற்றுச் செய்தார்கள். இதற்குக் கூர்மையான கண் வேண்டும். ஒரே மாதிரி வேலையைச் சலிக்காமல் செய்யும் பொறுமை வேண்டும். எல்லோருக்கும் அது வராது.

உங்களுக்கு வருமா? இலவசமாகவே சோதித்துப் பார்க்கலாம். மத்திய அரசு 2022இல் 'பாஷிணி' என்ற மொழித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 'பாஷா தான்' என்று ஒரு பகுதி. தமிழ் உட்பட நம் நாட்டு மொழிகளில் வாக்கியத்தைப் படித்துக் குரல் கொடுக்கலாம். கேட்டதை எழுதலாம். இது மொழிக்குத் தரும் தானம், கூலி கிடையாது. ஆனால் நல்ல பயிற்சி. ஒரு வாரம் செய்து பார்த்தால், இந்த வேலை ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

கையில் இருக்கும் தொழில்

தையல் தெரிந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் தையலை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கற்கப் போனால், புதியவர்களோடு கடைசி வரிசையில் நிற்க வேண்டும். தையலோடு சேர்த்துச் சில சிறு வேலைகளைக் கற்றால்? தைத்த ரவிக்கையை நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பது, விலையும் அளவும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவது, தெளிவாகப் பேசிக்கொண்டே தையல் சொல்லித்தரும் வீடியோ எடுப்பது. இவற்றைச் சில வாரங்களில் பழகிவிடலாம். அவருடைய பல வருட அனுபவமும் வீணாகாது. மருதாணி போடுபவருக்கும் கூடை முடைபவருக்கும் ஊறுகாய் போடுபவருக்கும் இதே வழிதான். கம்ப்யூட்டர் வகுப்பில் சேரும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனாலும் நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வேலை தேடித் தரும் இணையதளங்கள் கமிஷன் எடுக்கும். 'ஃபைவர்' என்ற தளம் நூற்றுக்கு 20 ரூபாய் எடுக்கிறது.

வேலையின் கூலி 1,000 ரூபாய்.
கமிஷன் 200 ரூபாய்.
கைக்கு வருவது 800 ரூபாய்.

அந்த வேலைக்கு 16 மணி நேரம் ஆனால், மணிக்கு 50 ரூபாய்தான். அதே 16 மணி நேரத்துக்கு உங்கள் ஊரில் என்ன கூலி என்று பாருங்கள். ஒரு வேலையைக் கற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இந்தக் கணக்கே போதும். இத்தகைய தளங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். பிள்ளைகள் துணைக்கு இருந்தால் முயன்று பார்க்கலாம்.

எங்கே கற்கலாம்?

'ஜன் சிக்ஷண் சன்ஸ்தான்' என்ற பயிற்சி மையங்கள் நாடெங்கும் பல மாவட்டங்களில் உள்ளன. முதல் மையம் 1967இல் மும்பையில் தொடங்கியது. அப்போது அதன் பெயர் 'ஸ்ரமிக் வித்யாபீடம்'. புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களையும், படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களிலும் பயிற்சி இலவசம். தங்கும் இடமும் சாப்பாடும் தருகிறார்கள். ஆதார் அட்டையோடு போய், இப்போது என்ன பயிற்சி நடக்கிறது என்று கேளுங்கள். சென்ற முறை பயின்றவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள்.

கூலி வாங்க உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். யூபிஐ மூலம் பணம் பெறுவதற்கு 'பின்' எண் தேவையில்லை. பணம் அனுப்பத்தான் அது தேவை. "கூலி அனுப்புகிறோம், பின் எண் போடுங்கள்" என்றால் போட வேண்டாம். உங்கள் கணக்கை வேறு யாரும் பயன்படுத்த விடாதீர்கள், வாடகை தருவதாகச் சொன்னாலும்கூட. திருட்டுப் பணம் அதன் வழியே போனால் போலீஸ் உங்களைத் தேடித்தான் வரும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.