பால் வற்றிய மரத்தில் காளான்

ரப்பர் மரம் நட்டு இருபத்தைந்து, முப்பது ஆண்டானால் பால் குறையும். சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் அந்தக் கட்டை அடுப்புக்கும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் போனது. 1980களிலிருந்து மேசை நாற்காலித் தொழில் அதை வாங்கிக்கொண்டது. அறுவையில் குவியும் மரத்தூளில்தான் மலேசியாவின் சிப்பிக் காளான் பெரும்பாலும் விளைகிறது.

மாடுகூடச் சீண்டாத தூள் அது. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினை உடைக்கும் நொதிகள் சிப்பிக் காளானிடம் உண்டு.

நூறு கிலோ தூளுக்குப் பத்துக் கிலோ அரிசித் தவிடு, ஒரு கிலோ சுண்ணாம்பு என்பது வழக்கமான கணக்கு. சுண்ணாம்புக்குப் பேராக் மாநிலத்து ஈப்போக்காரர்கள் அலைய வேண்டியதில்லை. குகைக் கோயில்கள் உள்ள குனோங் ராபாட் குன்றுகளே சுண்ணாம்புக்கல்தான். நீர் தெளித்துக் கிளறி ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டை உடையக்கூடாது, விரலிடுக்கில் நீரும் சொட்டக்கூடாது. இந்தப் பதம் தப்பினால் மற்றதெல்லாம் வீண்.

கலவையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கி, பல மணி நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். பச்சைப் பூசணத்தைக் கொல்லத்தான் இந்தப் பாடு. ஆறியபின் வித்து இட்டால், ஒரு மாதத்தில் பை முழுதும் வெள்ளை இழை பரவும். வாயைத் திறந்து ஈரம் காத்தால் குண்டூசித் தலைகளாக மொட்டு விடும். சில நாளில் கொத்தாகப் பறிக்கலாம். குடை முழுதும் விரியவிட்டால் வித்துத்தூள் பறந்து, கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கு இருமல் வரும்.

தமிழ்நாட்டில் இதே காளானுக்கு வைக்கோல்தான் படுக்கை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே-2 பால் காளானும் வைக்கோலில் வளர்வதே. ஊருக்கு ஊர் மிஞ்சுவது எதுவோ, அதுவே மூலதனம்.

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. பலகைத் தொழிற்சாலையும் எரிகட்டித் தொழிலும் தூளுக்குப் போட்டியிடுகின்றன. இலவசமாகக் கிடைத்தது விலைப்பொருளாகிவிட்டது. செம்பனை ஆலையில் கழியும் வெற்றுக் குலைகளில் வைக்கோல் காளான் என்ற வேறு வகையை வளர்ப்பது நல்ல மாற்று. அதை வெட்டவெளியிலேயே பாத்தி போட்டு வளர்க்கலாம், பையும் வேண்டாம்.

சிப்பிக் காளானுக்கோ பைதான் தலைவலி. விளைந்து ஓய்ந்த தூள் காய்கறிப் பாத்திக்கு அருமையான எரு, பிளாஸ்டிக் அப்படியல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கொட்டகை போடும் முன்பே, அந்தத் தூளை வாங்கிக்கொள்ளும் தோட்டக்காரரையும் பழைய பையை எடுத்துக்கொள்ளும் ஆளையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.