ஐங்கோணம் ஏன் அமைவதில்லை?

புள்ளிகளும் கோடுகளும் கொண்ட பொதுமை ஐங்கோணம் என்ற அமைப்பில் முக்கோணமும் நாற்கோணமும் இருக்கக்கூடாது. புள்ளியோ கோடோ, எந்த இரண்டை எடுத்தாலும் அவை ஓர் ஐங்கோணத்துக்குள் அடங்கவேண்டும். கோட்டுக்கு மூன்று புள்ளியாவது, புள்ளிக்கு மூன்று கோடாவது வேண்டும். முடிவுறு எண்ணிக்கையில் இது அமையவே அமையாது. ஏன்?

ஒரே கோட்டிலுள்ள வெவ்வேறு புள்ளிகளுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என ஓர் அணி எழுதுங்கள். மூலைவிட்டம் முழுக்கச் சுழியம். ஆகவே ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகையும் சுழியமாக வேண்டும். ஆனால் அவற்றில் இரண்டு, 5-இன் வர்க்கமூலம் கலந்தவை. அதனால் சம எண்ணிக்கையில்தான் வரமுடியும். அப்படிக் கூட்டினால் விடை சுழியத்தைத் தாண்டிவிடுகிறது. அழகான முரண்பாடு!

கணிதவியலாளர்கள் ஃபைட்டும் ஹிக்மனும் 1964-இல் இதே போக்கில், முடிவுறு பொதுமைப் பலகோணங்களில் இருகோணத்தை விட்டால் 3, 4, 6, 8 பக்கங்கள் கொண்டவை மட்டுமே மிஞ்சும் என்று நிறுவினர். முடிவிலிப் புள்ளிகளை அனுமதித்தால் தடையே இல்லை. முக்கோண வகையிலோ, அதாவது வீழ்ப்புத் தளங்களில், 12-ஆம் வரிசைத் தளம் உண்டா என்பது இன்னும் திறந்த கேள்வி.