டெம்பரேச்சர் முள் ஏறுதா? பழைய காரில் கூலன்ட் லீக்கைப் பிடிப்பது எப்படி

இந்த எபிசோட் பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்கு, குறிப்பா மாருதி 800 வச்சிருக்கிறவங்களுக்கு. 1983-ல வந்து 2014-ல உற்பத்தி நின்ன வண்டி. இப்பவும் ஓடுது. ஆனா ரப்பர் ஹோஸுக்கும் ரேடியேட்டருக்கும் வயசாயிடுச்சு.

நம்ம திருவொற்றியூர்ல தயாரான பழைய புல்லட்டுக்கு ரேடியேட்டரே கிடையாது, காத்துதான் எஞ்சினைக் குளிர வைக்கும். மாருதி எஞ்சினுக்குக் கூலன்ட் வேணும். ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தை உள்ள பிடிச்சு வைக்கும். அந்த அழுத்தத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். லீக் இருந்தா கூலன்ட்டோட சேர்ந்து அந்த அழுத்தமும் போயிடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி மாட்டினா எதிர்க்காத்தும் இல்ல, ஃபேன் மட்டும்தான் துணை. முள் அங்கதான் ஏறும். அப்பவும் ஓட்டினா அலுமினிய ஹெட் வளைஞ்சிடும். நூறு ரூபாய் கிளாம்ப்ல முடிய வேண்டியது எஞ்சின் வேலையா மாறிடும்.

தினமும் தண்ணி ஊத்தி ஓட்டுறது, மெமரி லீக்கைத் தேடாம சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி. முதல்ல காரணத்தைப் பிடிப்போம்.

1. எஞ்சின் முழுசா ஆறின பிறகு, ரிசர்வ் டேங்க்ல இருக்கிற அளவை மார்க்கர்ல குறிச்சு வைங்க. சூட்டுல மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கிற கூலன்ட் முகத்துல பீச்சும்.

2. ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டையை விரிங்க. நிறமோ வாசனையோ இல்லாம சொட்டினா அது ஏசி தண்ணி. பச்சையாவோ சிவப்பாவோ, தொட்டா வழவழன்னு இருந்தா கூலன்ட்.

3. சொட்டு விழுந்த இடத்துக்கு மேல பாருங்க. ஹோஸ் முனை, கிளாம்ப், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப். காய்ஞ்ச வெள்ளைப் படிவு தெரிஞ்சா அதுதான் வழி.

4. கண்ணுக்கு எதுவும் தெரியலையா? மெக்கானிக் கிட்ட பிரஷர் டெஸ்ட் கேளுங்க. மூடி இருக்கிற இடத்துல சின்ன கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏத்துவாங்க. மீட்டர் முள் இறங்கினா எங்கயோ ஓட்டை.

5. வெளிய ஒரு சொட்டும் இல்ல, ஆனா அளவு குறையுது. சைலன்சர்ல விடாம வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு உள்ள பால் கலந்த மாதிரி பசை. இது ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம். வண்டியை ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க.

சரி பண்றப்ப விலை குறைஞ்சதுல ஆரம்பிங்க: மூடி, கிளாம்ப், ஹோஸ், அப்புறம் பம்ப், ரேடியேட்டர். மஞ்சள் தூளைப் போட்டு அடைக்கிறது வீடு போய்ச் சேர உதவலாம். ஆனா ரேடியேட்டரோட மெல்லிய குழாய்களையும் அதே தூள் அடைக்கும்.

இங்க முக்கியமான விஷயம் தண்ணி. கடலோரத்து போர் தண்ணி உப்பு. உள்ள அது படிவா உட்காரும், உலோகத்தையும் அரிக்கும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரோட கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. மூடியைத் திறந்தே வச்சு எஞ்சினை ஐடில்ல விடுங்க. காத்துக் குமிழி வர்றது நின்னதும் நிரப்பி மூடுங்க. மறுநாள் ஆறின எஞ்சின்ல அளவை மறுபடி பாருங்க.

வடிச்ச பழைய கூலன்ட்டைத் தெருவுல ஊத்தாதீங்க. அது இனிப்பா இருக்கும், நாயும் பூனையும் நக்கும். கொஞ்சமே போதும், உயிர் போயிடும். கேன்ல பிடிச்சு மூடி, ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!