கிரியேட்டின் டப்பா: கிட்னி போயிடுமா?

குமணன்சாவடியில் ஒரு வீடு. ஜிம்முக்குப் போய்விட்டு வந்த காலேஜ் பையன், டப்பாவைத் திறந்து வெள்ளைப் பவுடரைத் தண்ணீரில் கலக்கி மடக் மடக்கென்று குடிக்கிறான். "என்னடா இது, ஸ்டீராய்டா? கிட்னி போயிடும்டா!" என்று அலறுகிறார் அம்மா.

பயம் நியாயம்தான். ஆனால், கிரியேட்டின் ஸ்டீராய்டு அல்ல. 1832-ல் பிரெஞ்சு விஞ்ஞானி செவ்ரெல் இறைச்சியில் கண்டுபிடித்த பொருள் இது. நம் உடம்பே தினமும் சுமார் 1 கிராம் தயாரித்துக்கொள்கிறது. தசையில் சேர்ந்திருந்து, கனமான எடையைத் தூக்கும் அந்தச் சில விநாடிகளுக்குச் சக்தி தருகிறது. மீனிலும் இறைச்சியிலும் உண்டு. பருப்பு, காய்கறியில் கிடையாது. அதனால் சைவக்காரர்களின் தசையில் இருப்பு குறைவு.

எவ்வளவு சாப்பிடலாம்?

தினம் 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் 20 கிராம் சாப்பிட வேண்டும் என்பார்கள். அவசியமில்லை, வயிற்றைக் கலக்கும். எடை ஓரிரு கிலோ கூடலாம். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் தசையில் சேரும் நீர்தான்.

கிட்னி என்னாகும்?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்த அளவால் சிறுநீரகம் கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் ஒரு விஷயம். கிரியேட்டின் சிதைந்து உண்டாகும் கழிவுதான் கிரியேட்டினின். பவுடர் சாப்பிடுபவரின் ரத்தப் பரிசோதனையில் அது சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். டாக்டரிடம் மறைத்தால், இல்லாத வியாதிக்கு வைத்தியம் நடக்கும். 'பவுடர்தான் காரணம்' என்று நாமே முடிவுகட்டினாலோ, இருக்கிற வியாதி தப்பிவிடும்! உண்மையைச் சொன்னால் சிறுநீர்ப் பரிசோதனை, சிஸ்டாட்டின்-சி பரிசோதனை என்று டாக்டர் உறுதிசெய்துகொள்வார்.

யாருக்கு வேண்டாம்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 18 வயது ஆகாதவர்கள் தாங்களாகத் தொடக் கூடாது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

வாங்கும்போது...

'கிரியேட்டின் மோனோஹைட்ரேட்' மட்டும் உள்ளதா, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, சீல் சரியாக இருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று பாருங்கள். பிரித்துக் கொடுக்கும் பொட்டலம் வேண்டவே வேண்டாம். கிரியேட்டின் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் கலப்படப் பவுடரில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தால், போட்டிக்குப் போகும் பிள்ளையின் எதிர்காலமே போய்விடும்.

அம்மாக்களே, அடுத்த முறை அலறாதீர்கள். டப்பாவை வாங்கி லேபிளைப் படியுங்கள். கூடவே சுண்டல், முட்டை, தயிர், நல்ல தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கவனியுங்கள். இவை இல்லாமல் பவுடர் மட்டும் உடம்பைத் தேற்றாது!