நீள்வீச்சு எஞ்சினில் திறன் மேம்பாடு: திருவொற்றியூர் புல்லட்டை முன்வைத்து

1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட் 350 எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் வீச்சு 90 மி.மீ. வீச்சு விட்டத்தை விஞ்சுவதால் இது நீள்வீச்சு எஞ்சின் எனப்படுகிறது. டர்போ இன்றித் தானே காற்றை இழுக்கும் இவ்வகை எஞ்சினின் திறனைக் கூட்டச் சுழற்சியை உயர்த்தினால் போதும் என்னும் கருத்து பரவலாக உண்டு. அது ஏற்புடையதன்று. நிமிடத்திற்கு 5,000 சுழற்சியிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டரை எட்டுகிறது. சுழற்சி 10 விழுக்காடு கூடினால் இணைப்புத்தண்டு தாங்க வேண்டிய நிலைம விசையோ 21 விழுக்காடு கூடும். குறுகிய விட்டத்தில் பெரிய வால்வுகளுக்கு இடமும் இல்லை. ஆகவே வேகம் மிகமிகச் சிலிண்டர் முழுமையாக நிரம்புவதில்லை. (வண்டியை முறுக்குவது வேறு, திறன் பெறுவது வேறு.)

புல்லட் 500 இதற்குத் தக்க சான்று. வீச்சை மாற்றாமல் விட்டம் மட்டும் 84 மி.மீ. ஆக்கப்பட்டது. அதன் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் ஏறத்தாழ 22 குதிரைத்திறன் தந்தது. 2009இல் இந்தியச் சந்தைக்கு வந்த கிளாசிக் 500, அதே விட்டம், அதே வீச்சுடன், 5,250 சுழற்சியில் 27.2 குதிரைத்திறன் தந்தது. இங்கு உயர்ந்தது சுழற்சியன்று. அமுக்க விகிதம் 8.5:1 ஆக உயர்ந்தது, கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் தெளிப்பு பெற்றது. நீள்வீச்சுக் கார் எஞ்சினுக்கும் இதே வழி பொருந்தும்.