பிளக்கின் நிறம்

தமிழாசிரியன் படகு இயந்திரத்தைப் பற்றி எழுதுவதா எனப் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். இவ்வறிவை எனக்கு ஊட்டியவன் என்னிடம் பயிலும் மாணவன் ஒருவனே. அவன் தந்தையார் கடற்றொழிலாளர். ஓரிரவு நடுக்கடலில் அவரது வெளியிணைப்பு இயந்திரம் நின்றுவிட, விடியும்வரை நீரோட்டம் படகை எல்லைக்கோட்டை நோக்கி இழுத்துச் சென்றது. அக்கோட்டைத் தாண்டினால் நேர்வது யாதெனக் கரையோரப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழுதானது விரலளவான தீப்பொறிச் செருகியே. கடற்கரையில் அதனைப் 'பிளக்' என்பர்.

ஈரடிப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 5000 முறை சுழலின், ஒவ்வோர் உருளையிலும் 5000 பொறிகள் எழவேண்டும். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றித் தன்மேற் படியும் கரியை எரித்துக்கொள்ளாது. 850 பாகையைக் கடப்பின், பொறி எழுமுன்பே எரிபொருள் தீப்பற்றிப் பிஸ்டனைக் கெடுக்கும்.

இலக்கம் பலரை ஏமாற்றுவது இங்கேதான். என்.ஜி.கே. பிளக்கில் இலக்கம் உயர உயர, வெப்பத்தை விரைந்து கடத்தும் 'குளிர்ந்த' பிளக் ஆகும். சாம்பியனிலோ உயர்ந்த இலக்கம் 'சூடானது'. மாணவனின் தந்தையாருக்கு வேண்டியது என்.ஜி.கே. 7. கடையில் 8ஐக் கொடுத்து, "ஒன்று கூடத்தானே" என்றனர். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம், வலை விடும்போது மெல்ல ஓட, குளிர்ந்த முனையிற் கரி அப்பிக்கொண்டது. எழுத்தையும் நோக்குக: பி7எச்எஸ் என்பதில் 'எச்' 12.7 மி.மீ. திருகு நீளத்தைக் குறிக்கும். அதனிடத்தில் 19 மி.மீ. கொண்ட 'இ' வகையைப் பூட்டினால் பிஸ்டனில் முட்டும்.

கழற்றிய பிளக்கை ஏடு வாசிப்பதுபோல வாசிக்கலாம். இளங்கபில நிறம் நலம். உலர்ந்த கருங்கரி, எரிபொருள் மிகுதியையோ குளிர்ந்த பிளக்கையோ காட்டும். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருப்பின் எண்ணெய்க் கலவையை அளந்து பார்க்க. வெண்மையும் கொப்புளமும் கண்டால் அன்று கடலுக்குப் போகற்க. குளிர்நீர் ஓட்டத்தையும் காபுரேற்றரையும் முதலிற் சோதிக்க. இரட்டை உருளையாயின் எப்பிளக் எதனது என்பதை மறவற்க.

மணற்றாளால் உரசுவதை யான் ஒப்பேன். உதிரும் மணல் உருளைக்குட் போகும். இடைவெளியைக் கைந்நூலிற் கண்டவாறு தகட்டளவியால் அளக்க. பூட்டும்போது கையால் முற்றத் திருகியபின், புதியதற்கு அரைச்சுற்று போதும். கரைசேருமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓட்டி நிறுத்தினால் மறுநாள் இயந்திரம் எளிதில் உயிர்பெறும். அத்தந்தையார் இப்போது இரண்டு புதிய பிளக்குகளை, எண்ணெய் பூசிய ஸ்பானரோடு, மூடியிறுகிய போத்தலில் இட்டு அணியத்திற் கட்டிவைத்திருக்கிறார்.